பகுதி வெற்றிடமும் பவர் பிரேக்கும்: பழைய காரின் பிரேக்கை மேம்படுத்தல்

விஞ்ஞானம் – அமுக்கம் – பிரயோகப் பாடம்



அமுக்கம் என்ற அலகைப் படிக்கும்போது உங்களிற் பலர் சமன்பாடுகளைப் பாடமாக்கிவிட்டு, "இது எங்கே சேர் பயன்படும்?" என்று கேட்பதுண்டு. அதற்கு ஒரு நல்ல விடை எனக்குத் தொலைபேசி வழியாக வந்தது. என்னிடம் படித்த மாணவன் ஒருவன் இப்போது கனடாவில் பழைய கார்களைத் திருத்தும் கராஜ் ஒன்றில் வேலை செய்கிறான். 1969ஆம் ஆண்டு ஷெவர்லே கமாரோ கார் ஒன்றின் முன் சில்லுகளில் இருந்த ட்ரம் பிரேக்கைக் கழற்றி, டிஸ்க் பிரேக்கும் புதிய பூஸ்டரும் பொருத்தியிருந்தான். "சேர், எல்லாம் புதுச் சாமான். ஆனா பெடல் கல்லு மாதிரி இருக்குது. மிதிச்சாலும் கார் நிற்குதில்லை" என்றான்.

நான் கலைப் பட்டதாரி. உடனே எனக்கு விடை தெரியவில்லை. அமுக்கப் பாடத்தை மீண்டும் ஒரு முறை எடுத்துப் படித்தபோது விடை அதற்குள்ளேயே இருந்தது. அதையே இப்பாடத்தில் உங்களுக்கும் தருகின்றேன்.

இப்பாடத்தைப் படித்து முடிக்கும்போது நீங்கள்,
• பவர் பிரேக்கின் பூஸ்டர் தொழிற்படும் விதத்தை விளக்கவும்,
• எஞ்சினின் வெற்றிடம் குறைவதற்கான காரணங்களைக் கூறவும்,
• அதனால் விசையில் ஏற்படும் மாற்றத்தைக் கணிக்கவும்,
• பிரேக்கை மேம்படுத்தும் வழிகளை ஒப்பிடவும் ஆற்றல் பெறுவீர்கள்.

1. பிரேக் குறைந்தால் என்ன நடக்கும்?

இயங்கும் கார் ஒன்றுக்கு இயக்கப்பாட்டுச் சக்தி உண்டு. பிரேக் அச்சக்தியை உராய்வின் மூலம் வெப்பசக்தியாக மாற்றுகின்றது. 1500 கிலோகிராம் திணிவுள்ள கார் செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் (மணிக்கு 72 கிலோமீற்றர்) செல்கின்றது எனக் கொள்வோம்.

இயக்கப்பாட்டுச் சக்தி = ½ × 1500 × 20 × 20 = 300 000 யூல்

இக்கார் 8 மீற்றர்/செக்கன்² அமர்முடுகலுடன் நின்றால், நிற்பதற்கு எடுக்கும் நேரம் 20 ÷ 8 = 2.5 செக்கன். சராசரி வேகம் 10 மீற்றர்/செக்கன் ஆகையால் செல்லும் தூரம் 25 மீற்றர். பிரேக் பலவீனமாகி அமர்முடுகல் 5 ஆகக் குறைந்தால், நேரம் 4 செக்கன்; தூரம் 40 மீற்றர். மேலதிகமாகச் செல்லும் 15 மீற்றர் என்பது ஏறத்தாழ மூன்று கார்களின் நீளம். அந்த 15 மீற்றருக்குள் ஒரு மஞ்சட் கடவையும் அதில் ஒரு பிள்ளையும் இருக்கலாம். எனவே இது வெறும் கணக்கு அன்று என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2. நீரியல் பிரேக்

1921ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்த டியூசன்பேர்க் காரில் நான்கு சில்லுகளுக்கும் நீரியல் பிரேக் பொருத்தப்பட்டது. அதன் தத்துவம் நீங்கள் படித்த பஸ்காலின் தத்துவமே. அடைக்கப்பட்ட திரவம் ஒன்றின் மீது பிரயோகிக்கப்படும் அமுக்கம் எல்லாத் திசைகளிலும் சமமாகக் கடத்தப்படும்.

பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரின் முசலம் பிரேக் ஒயிலை அமுக்குகின்றது. அந்த அமுக்கம் குழாய்கள் வழியே சில்லுகளில் உள்ள முசலங்களுக்குச் சென்று, பிரேக் பட்டைகளை ட்ரம்முடன் அல்லது டிஸ்க்குடன் அழுத்துகின்றது.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டைக் கவனிக்க. ட்ரம் பிரேக்கில், சுழலும் ட்ரம் முன்புறப் பட்டையைத் தன்னோடு இழுத்து மேலும் இறுக்குகின்றது. அதாவது பிரேக் தனக்குத்தானே உதவி செய்துகொள்கின்றது. டிஸ்க் பிரேக்கில் இவ்வுதவி இல்லை. ஆகவே டிஸ்க்குக்குக் கூடிய ஒயில் அமுக்கம் தேவை. ட்ரம்மைக் கழற்றி டிஸ்க்கைப் பூட்டுபவர் பெடலுக்கு ஏதாவதொரு துணையையும் தேடவேண்டியிருப்பது இதனாலேயே. (டிஸ்க் வெப்பத்தை விரைவாக இழக்கும், ஈரமானாலும் விரைவில் காய்ந்துவிடும். இவையே அதன் நன்மைகள்.)

3. பூஸ்டர் என்பது யாது?

1928ஆம் ஆண்டின் பியர்ஸ் அரோ என்ற அமெரிக்கக் காரில் வெற்றிடத்தால் இயங்கும் பிரேக் துணை பயன்படுத்தப்பட்டது. இன்று நாம் காணும் பூஸ்டர் பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் இடையில் உள்ள, வட்டமான இரும்புப் பெட்டி ஆகும். அதன் உள்ளே ஒரு றப்பர் மென்றகடு பெட்டியை முன் அறை, பின் அறை என இரண்டாகப் பிரிக்கின்றது.

(அ) பெடலை மிதிக்காதபோது: இரண்டு அறைகளும் ஒன்றோடொன்று தொடர்புடையன. இரண்டிலும் பகுதி வெற்றிடம். அமுக்க வேறுபாடு இல்லை, விசையும் இல்லை.

(ஆ) பெடலை மிதிக்கும்போது: உள்ளே உள்ள வால்வு இரு அறைகளுக்கும் இடையிலான வழியை மூடி, பின் அறைக்குள் வெளி வளியை விடுகின்றது. பின் அறையில் வளிமண்டல அமுக்கம். முன் அறையில் குறைந்த அமுக்கம். இவ்வேறுபாடு மென்றகட்டை முன்னே தள்ளுகின்றது. அத்தள்ளல் காலின் விசையுடன் சேர்ந்து மாஸ்டர் சிலிண்டரைச் சென்றடைகின்றது.

(இ) பெடலை விடும்போது: வால்வு மீண்டும் இரு அறைகளையும் இணைக்கின்றது. வில்சுருள் மென்றகட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருகின்றது.

பூஸ்டருக்குச் செல்லும் ஹோஸ் குழாயில் ஒருவழி வால்வு உண்டு. எஞ்சின் நின்றாலும் பூஸ்டரில் உள்ள வெற்றிடம் சில மிதிப்புகளுக்குக் காப்பாற்றப்படுவது இதனாலேயே.

நினைவிற் கொள்க: வெற்றிடம் எதையும் இழுப்பதில்லை. வளிமண்டலமே தள்ளுகின்றது. பூஸ்டர் தானாக விசையை உண்டாக்குவதில்லை. அமுக்க வேறுபாட்டிலிருந்தே அதைப் பெறுகின்றது.

4. அந்த வெற்றிடம் எங்கிருந்து வருகின்றது?

பெற்றோல் எஞ்சினில் முசலம் கீழே இறங்கும்போது வளியை உள்ளெடுக்கின்றது. அக்ஸிலேற்றரை மிதிக்காதபோது வளி செல்லும் பாதையில் உள்ள திறொட்டில் தட்டு ஏறத்தாழ மூடியிருக்கும். முசலங்கள் உள்ளெடுக்க முயல, போதிய வளி வராமையால் இன்லெட் மனிபோல்ட் என்ற உள்ளெடுப்புக் குழாயில் பகுதி வெற்றிடம் உண்டாகின்றது. பூஸ்டரின் ஹோஸ் இங்கேதான் பொருத்தப்படும்.

நல்ல நிலையிலுள்ள சாதாரண பெற்றோல் எஞ்சின், வண்டி நிற்கையில் மெதுவாக ஓடும்போது, வெற்றிடமானியில் ஏறத்தாழ 450 மில்லிமீற்றர் இரசம் (18 அங்குலம் வரை) காட்டும். இதை அமுக்கமாக மாற்றுவோம்.

அமுக்க வேறுபாடு = உயரம் × அடர்த்தி × ஈர்ப்பு ஆர்முடுகல்
= 0.45 × 13 600 × 10
= 61 200 பஸ்கால் (ஏறத்தாழ 60 கிலோ பஸ்கால்)

டீசல் எஞ்சினில் வழக்கமாகத் திறொட்டில் தட்டால் வளி தடுக்கப்படுவதில்லை. ஆகவே அங்கு பயன்படத்தக்க வெற்றிடம் கிடைப்பதில்லை. நமது வீதிகளில் ஓடும் யப்பானிய டீசல் வான்கள் பலவற்றில் ஒல்டனேற்றரின் பின்புறத்தில் சிறிய வெற்றிடப் பம்பி ஒன்று இணைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பூஸ்டருக்காகவே உள்ளது.

5. வெற்றிடம் ஏன் குறைகின்றது?

(அ) கசிவு: வெடித்த ஹோஸ், பழுதான காஸ்கெற், கிழிந்த மென்றகடு, பழுதான ஒருவழி வால்வு.

(ஆ) எஞ்சினின் நிலை: தேய்ந்த முசல வளையங்கள், சரியாக மூடாத வால்வுகள், பிந்திய தீப்பொறி, பிழையான எரிபொருட் கலவை.

(இ) இடத்தின் உயரம்: கடல் மட்டத்தில் வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ 101 கிலோ பஸ்கால். அமெரிக்காவின் டென்வர் நகர் 1600 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே அது ஏறத்தாழ 83 கிலோ பஸ்கால் மட்டுமே. தள்ளும் வளிமண்டலமே அங்கு பலம் குறைந்தது. நுவரெலியாவுக்குச் செல்லும் வாகனத்துக்கும் இது பொருந்தும்.

(ஈ) மாற்றப்பட்ட கம் தண்டு: இதுவே பழைய அமெரிக்கக் கார்களில் அடிக்கடி காணப்படும் காரணம். கமாரோ, மஸ்டாங் போன்ற கார்களின் எட்டு உருளை எஞ்சின்களுக்கு உரிமையாளர்கள் கூடிய வலு வேண்டி வேறு கம் தண்டைப் பொருத்துவர். அத்தண்டு வால்வுகளை நீண்ட நேரம் திறந்து வைத்திருக்கும். வெளியேற்று வால்வு மூடுவதற்கு முன்பே உள்ளெடுப்பு வால்வு திறந்துவிடும். இரண்டும் ஒருங்கே திறந்திருக்கும் நேரம் கூடுகின்றது. விரைவாகச் சுழலும்போது இது உருளை நன்றாக நிரம்ப உதவும். ஆனால் மெதுவாகச் சுழலும்போது எரிந்த வாயு மனிபோல்டுக்குள் திரும்பி வரும். உள்ளெடுத்த கலவையின் ஒரு பகுதியும் திரும்பத் தள்ளப்படும். எனவே மனிபோல்டின் அமுக்கம் உயர்ந்து, வெற்றிடம் 8 தொடக்கம் 12 அங்குல இரசம் வரை குறையலாம்.

இவ்வெஞ்சினில் பழுது எதுவும் இல்லை. அதன் அமைப்பே அப்படி. வலுவை வாங்கியவர் வெற்றிடத்தை விலையாகக் கொடுத்திருக்கின்றார்.

6. கணித்துப் பார்ப்போம்

தரவுகள்: பெடலில் காலின் விசை 200 நியூற்றன். சுழலிடத்திலிருந்து பெடல் மிதிக்கும் இடம் 32 சென்ரிமீற்றர். தள்ளுகோல் 8 சென்ரிமீற்றர். பூஸ்டரின் மென்றகட்டு விட்டம் 28 சென்ரிமீற்றர். மாஸ்டர் சிலிண்டர் முசலத்தின் பரப்பளவு 5 சதுர சென்ரிமீற்றர். (வில்சுருளின் விசையையும் உராய்வையும் புறக்கணிக்க.)

படி 1: நெம்பு
200 × 32 = விசை × 8
விசை = 800 நியூற்றன்

படி 2: மென்றகட்டின் பரப்பளவு
22/7 × 14 × 14 = 616 சதுர சென்ரிமீற்றர் = 0.0616 சதுர மீற்றர்

படி 3: பூஸ்டர் தரக்கூடிய உச்ச விசை
வேறுபாடு 60 கிலோ பஸ்கால் எனின்: 60 000 × 0.0616 = 3696 நியூற்றன்
வேறுபாடு 30 கிலோ பஸ்கால் எனின்: 30 000 × 0.0616 = 1848 நியூற்றன்

படி 4: பிரேக் ஒயிலின் அமுக்கம் (மொத்த விசை ÷ 0.0005)
60 கிலோ பஸ்காலில்: (800 + 3696) ÷ 0.0005 = 8 992 000 பஸ்கால் (ஏறத்தாழ 9 மெகா பஸ்கால்)
30 கிலோ பஸ்காலில்: (800 + 1848) ÷ 0.0005 = 5 296 000 பஸ்கால் (ஏறத்தாழ 5.3 மெகா பஸ்கால்)
பூஸ்டர் இல்லாவிடின்: 800 ÷ 0.0005 = 1 600 000 பஸ்கால் (1.6 மெகா பஸ்கால்)

டிஸ்க் பிரேக்கில் காரை விரைவாக நிறுத்துவதற்குப் பொதுவாக 6 தொடக்கம் 8 மெகா பஸ்கால் வரை வேண்டும். வெற்றிடம் பாதியானபோது அந்த எல்லையைத் தொட முடியவில்லை என்பதைக் காண்க. பூஸ்டரின் உதவி முடிந்த பின் மேலும் வேண்டிய விசை முழுவதையும் காலே கொடுக்கவேண்டும். பெடல் "கல்லு மாதிரி" இருந்ததன் பொருள் இதுதான்.

7. சாமானை மாற்றுமுன் சோதனை

புதிய பொருத்துகளை வாங்குவதற்கு முன் காரணத்தைக் கண்டறிதல் வேண்டும். இச்சோதனைகளை வண்டியை நிறுத்தி, சில்லுகளுக்குத் தடை வைத்து, தேர்ந்த மெக்கானிக் ஒருவரே செய்யவேண்டும்.

சோதனை 1: எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலை நான்கைந்து முறை மிதிக்க. சேமிப்பில் உள்ள வெற்றிடம் தீர்ந்து பெடல் இறுகும். காலை எடுக்காமல் எஞ்சினை இயக்குக. பெடல் சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டர் தொழிற்படுகின்றது.

சோதனை 2: எஞ்சினை ஓடவிட்டு நிறுத்திச் சில நிமிடங்கள் காத்திருந்து பெடலை மிதிக்க. முதல் மிதிப்பு இலகுவாக இருந்தால் ஒருவழி வால்வு நன்றாக உள்ளது.

சோதனை 3: வெற்றிடமானியால் மனிபோல்டிலும் பூஸ்டரின் முனையிலும் அளக்க. மனிபோல்டில் கூடவும் பூஸ்டரில் குறையவும் இருந்தால் இடையிற் கசிவு அல்லது அடைப்பு. இரண்டிலும் ஒரே அளவாகக் குறைந்திருந்தால் காரணத்தை எஞ்சினின் பக்கத்தில் தேடவேண்டும்.

கவனிக்க: பெடல் கல்லாக இருப்பதும் பஞ்சாக இருப்பதும் ஒன்றல்ல. பஞ்சு போன்ற பெடல், ஒயிலினுள் வளி இருப்பதைக் காட்டும். திரவத்தை நெருக்க முடியாது, வாயுவை நெருக்கலாம்.

8. மேம்படுத்தும் வழிகள்

(அ) வெற்றிடச் சேமிப்புத் தாங்கி: அக்ஸிலேற்றரை விட்டு வண்டி தானாக வேகம் குறையும்போது மனிபோல்டில் வெற்றிடம் கூடும். ஒருவழி வால்வு கொண்ட தாங்கி அதைப் பிடித்து வைக்கும். விலை குறைவு. ஆனால் அது வெற்றிடத்தை உண்டாக்குவதில்லை. நெரிசலில் அடிக்கடி மிதித்தால் சேமிப்புத் தீர்ந்துவிடும்.

(ஆ) மின் வெற்றிடப் பம்பி: பற்றரியால் இயங்கும். வெற்றிடம் குறைந்ததும் அமுக்க ஆளி பம்பியை இயக்கும். போதியளவு சேர்ந்ததும் நிறுத்தும். எஞ்சினை நம்பியிருக்கத் தேவையில்லை. பியூஸ், றிலே ஆகியவற்றுடன் முறையான இணைப்பு வேண்டும். சத்தமும் உண்டு.

(இ) இரட்டை மென்றகட்டு பூஸ்டர்: 21 சென்ரிமீற்றர் விட்டமுள்ள இரு மென்றகடுகளின் மொத்தப் பரப்பளவு 693 சதுர சென்ரிமீற்றர். இது 28 சென்ரிமீற்றர் ஒற்றை மென்றகட்டிலும் கூடியது. இடநெருக்கடிக்கு நல்லது. எனினும் 30 கிலோ பஸ்காலில் கிடைப்பது 2079 நியூற்றன் மட்டுமே. வெற்றிடம் குறைவாயின் இதுவும் போதாமற் போகலாம்.

(ஈ) நீரியல் பூஸ்டர்: பவர் ஸ்ரியறிங் பம்பியின் ஒயில் அமுக்கத்தால் இயங்கும். 1970களில் அமெரிக்க வாகனங்களில் பயன்பாட்டுக்கு வந்தது. வெற்றிடமே தேவையில்லை, விசையும் அதிகம். எஞ்சின் நின்றால் ஓரிரு மிதிப்புகளுக்கு உதவ அமுக்கச் சேமிப்பி உண்டு. செலவு கூடியது, நல்ல நிலையிலுள்ள பவர் ஸ்ரியறிங் பம்பியும் வேண்டும்.

(உ) பூஸ்டர் இல்லாத பிரேக்: பெடலின் நெம்பு விகிதத்தை 4இலிருந்து 6 ஆக்கி, மாஸ்டர் சிலிண்டரின் பரப்பளவை 4 சதுர சென்ரிமீற்றராகக் குறைக்கலாம். 400 நியூற்றன் விசையுடன் மிதித்தால், 400 × 6 ÷ 0.0004 = 6 மெகா பஸ்கால் கிடைக்கும். ஆனால் காலுக்கு இரு மடங்கு வேலை. பெடல் செல்லும் தூரமும் கூடும். விசையில் இலாபம் பெற்றால் தூரத்தில் நட்டம் என்பதே எளிய பொறிகளின் விதி.

(ஊ) மிதமான கம் தண்டு: மூலகாரணத்தையே நீக்கும் வழி. வலுவிற் சிறிது இழக்க வேண்டும்.

9. மாணவர் விடும் பிழைகள்

• "வெற்றிடம் மென்றகட்டை உறிஞ்சுகின்றது" என எழுதுதல். அமுக்க வேறுபாடு தள்ளுகின்றது என எழுதுக.
• சதுர சென்ரிமீற்றரைச் சதுர மீற்றராக மாற்றும்போது 100ஆல் வகுத்தல். 10 000ஆல் வகுக்க வேண்டும்.
• விட்டத்தை ஆரை எனப் பிரதியிடுதல்.
• பூஸ்டர் பழுதானால் பிரேக் முற்றாக இல்லை எனக் கூறுதல். பிரேக் உண்டு, ஆனால் மிகக் கூடிய விசை வேண்டும்.

10. மாதிரி வினாக்கள்

1. வெற்றிட பூஸ்டர் தரும் விசைக்குக் காரணம்,
(1) வில்சுருள் (2) இரு அறைகளின் அமுக்க வேறுபாடு (3) பிரேக் ஒயிலின் நிறை (4) பற்றரி

2. கடல் மட்டத்திலிருந்து 1600 மீற்றர் உயரத்துக்குச் சென்ற காரில் பூஸ்டர் பெறக்கூடிய உச்ச அமுக்க வேறுபாடு,
(1) கூடும் (2) மாறாது (3) குறையும் (4) பூச்சியமாகும்

3. பெடல் பஞ்சு போல இருப்பதற்குப் பெரும்பாலும் காரணமாவது,
(1) கம் தண்டு (2) ஒருவழி வால்வு (3) கிழிந்த மென்றகடு (4) ஒயிலில் உள்ள வளி

4. அமைப்புக் கட்டுரை: 21 சென்ரிமீற்றர் விட்டமுள்ள மென்றகடு ஒன்றின் இரு புறமும் அமுக்க வேறுபாடு 40 கிலோ பஸ்கால் ஆகும்.
(அ) மென்றகட்டின் பரப்பளவைக் காண்க.
(ஆ) அதன் மீதுள்ள விசையைக் காண்க.
(இ) அதே அளவுள்ள இரண்டாவது மென்றகட்டைச் சேர்த்தால் விசை யாது?
(ஈ) குறைந்த வெற்றிடமுள்ள காரில் சேமிப்புத் தாங்கி மட்டும் போதாமைக்கு ஒரு காரணம் தருக.

விடைகள்: 1 – (2), 2 – (3), 3 – (4).
4. (அ) 22/7 × 10.5 × 10.5 = 346.5 சதுர சென்ரிமீற்றர் (ஆ) 40 000 × 0.03465 = 1386 நியூற்றன் (இ) 2772 நியூற்றன் (ஈ) தாங்கி வெற்றிடத்தைச் சேமிக்குமேயன்றி உண்டாக்காது; அடிக்கடி மிதிக்கத் தீர்ந்துவிடும்.

முடிவாக

அந்த மாணவனிடம் மானியால் அளக்கச் சொன்னேன். மனிபோல்டிலும் பூஸ்டரின் முனையிலும் 225 மில்லிமீற்றர் என்றே காட்டியது. இடையிற் கசிவு இல்லை; தீப்பொறியும் கலவையும் சரியாகவே இருந்தன. உரிமையாளர் முன்பு மாற்றிய கம் தண்டே காரணம். அதுவரை அவன் ஒரு பூஸ்டரைக் கழற்றி இன்னொரு புதிய பூஸ்டரைப் பூட்டியிருந்தான். இரண்டிலும் பிழையே இல்லை. கடைசியில் மின் பம்பியும் தாங்கியும் பொருத்தி, 450 மில்லிமீற்றர் நிலைத்து நிற்பதைப் பார்த்த பின்னரே காரை உரிமையாளரிடம் கொடுத்தான். அதுவரை "எப்போது தருவாய்?" என்று அவர் எத்தனை முறை கேட்டும் சாவியைக் கொடுக்கவில்லையாம். பாடத்தில் அவன் பெற்ற புள்ளி எனக்கு இப்போது நினைவில்லை. இதற்கு நான் முழுப் புள்ளி கொடுப்பேன்.

பரீட்சையிலும் அவ்வாறே செய்யுங்கள். வினாவைக் கண்டதும் தெரிந்த சமன்பாட்டைப் பூட்டிப் பார்க்காமல், எது தரப்பட்டுள்ளது, எது குறைகின்றது, ஏன் குறைகின்றது என்று முதலில் அளந்து பாருங்கள். விடை பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.